பெட்டிக்குக் கீழே எரிந்த விளக்கு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருடம் தள்ளிப் போட்டுவிட்டேன். அதிகம் படித்தவனில்லை என்பது ஒரு காரணம். சாமி விளக்கைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடுமோ என்ற பயம்தான் பெரிய காரணம். முருகன் பொறுத்துக்கொள்வான் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

சிலோனிலிருந்து கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, குன்னூருக்கு வந்து சேர்ந்தபோது எனக்கும் என் மனைவிக்கும் தலை சாய்க்க இடமில்லை. வெலிங்டன் பக்கம் ஒரு பங்களாவில் வேலை கிடைத்தது, பின்னால் ஓர் அறையும் கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மா கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். கணவர் இல்லை. கால்கள் இரண்டும் விழுந்துபோய்ப் படுத்த படுக்கை. அதோடு மூச்சிழுப்பு. குளிர் பட்டால் இழுக்கும். கணப்பில் விறகு போட்டால் அந்தப் புகைக்கும் இழுக்கும். அதனால் மெட்ராஸில் இருந்த மகன் ஓர் ஏசி மெஷினை வரவழைத்து ஜன்னலில் பொருத்தியிருந்தார். அது சூட்டுக் காற்றும் தரும். மலையில் ஏசியா என்று எஸ்டேட் லயத்தில், கூலி ஆட்களின் வரிசை வீட்டில், இருந்த என் மச்சான் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பான்.

எதிர்ச் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. அறையில் சூடு குறைந்தால் அது 'டக்' என்னும், மெஷின் ஓடும். போதுமான சூடு வந்ததும் இன்னொரு 'டக்', நின்றுவிடும். படுத்தபடியே சாமி கும்பிட அம்மா ஆசைப்பட்டார். ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் அந்தப் பெட்டிக்குக் கீழே பலகை அடித்து, மாரியம்மன் படம் வைத்துக் கொடுத்தேன். பொழுது சாய்ந்ததும் என் மனைவி குளித்துவிட்டு வந்து காமாட்சி விளக்கேற்றுவாள்.

அந்த மழைக்காலத்தில்தான் தொல்லை தொடங்கியது. பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் மெஷின் சாயங்காலம் ஆனால் நின்றுவிடும். அறை சில்லிட்டுப் போகும், அம்மாவுக்கு இழுக்கும். வெந்நீர்ப் பை மாற்றி மாற்றி வைத்தே நாங்கள் இருவரும் ஓய்ந்துபோனோம். கோயமுத்தூரிலிருந்து மெக்கானிக் பஸ் ஏறி வந்தார். பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த தகட்டில் வாயால் ஊதினார், 'டக்' என்று நின்றது. ஈரத்துணி வைத்தார், 'டக்' என்று ஓடியது. குற்றமே இல்லை என்றார். அடுத்த முறை வந்து பெட்டியையே மாற்றினார். அன்று சாயங்காலமும் மெஷின் நின்றது. நாங்கள்தான் எதையோ திருகுகிறோம் என்று அவருக்குச் சந்தேகம்.

இனியும் இப்படி ஆனால் மெட்ராஸுக்கே கூட்டிப் போய்விடுவேன், வீட்டைப் பூட்டிவிடலாம் என்று மகன் போனில் சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் போக மனமில்லை.

"அங்க போனா ஊட்டு மூலையில போட்ட சாமானாட்டம் கெடக்கோணும். எனக்கு இங்கயே மூச்சு நின்னாலும் செரி," என்றார்.

வீடு பூட்டினால் நாங்கள் மறுபடி மூட்டையைத் தூக்க வேண்டும். அதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. தெரிந்துதான் இருந்தது.

அந்தச் சமயத்தில் சிலோனிலிருந்து தந்தி வந்தது. என் மாமியார் இறந்துவிட்டார். எங்களோடு கப்பல் ஏற முடியாமல் மூத்த மகனோடு அங்கேயே தங்கிவிட்டவர். போய் முகம் பார்க்க வழியில்லை. என் மனைவி அழவும் இல்லை. எழுந்து போய் அம்மாவுக்குக் கஞ்சி வைத்தாள். வேலைக்குத் தீட்டுப் பார்க்க முடியாது, விளக்குக்கு மட்டும் பார்த்தோம். கருமாதி முடியும்வரை அந்த அறையில் விளக்கேற்றவில்லை.

அந்த நாட்களில் புல்லெல்லாம் உறைபனி. ஆனாலும் மெஷின் ஒரு சாயங்காலம்கூட முரண்டு பிடிக்கவில்லை. அம்மா நன்றாகத் தூங்கினார். அம்மன் இரங்கிவிட்டாள் என்று நான் கும்பிட்டேன்.

கருமாதி முடிந்தது. தலை முழுகி வந்து என் மனைவி விளக்கேற்றினாள். திரி நின்று எரியத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் 'டக்'. மெஷின் நின்றது.

அவள் விளக்கைவிட்டு விலகி நின்றாள். "எங்கம்மா தீட்டு இன்னும் கழியல போல இருக்குங்கம்மா," என்றாள்.

அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தீட்டுமில்ல, ஒண்ணுமில்ல அம்மணி. வெளக்குச் சூடு அந்தப் பொட்டிக்குப் படுது. ரூமு பூராவும் சூடாயிருச்சுன்னு அது நெனச்சுக்குது. நாளெல்லாம் அதையே பாத்துட்டுப் படுத்திருக்கறேன், எனக்கே இப்பத்தான் தோணுச்சு. வெளக்க எடுத்து இந்தப் பக்கம் வையி."

ஏற்றிய விளக்கைப் பாதியில் அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு, எரிய எரியவே தூக்கிப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் வைத்தாள். நான் படத்தை எடுத்துப் போனேன். மூன்று பேரும் காத்திருந்தோம். 'டக்'. மெஷின் ஓடத் தொடங்கியது. என் மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்போதுதான் தன் தாய்க்காக அழுதாள். அம்மா அவள் தலையில் கை வைத்திருந்தார்.

விஷயம் கேட்டு மெக்கானிக் சிரித்தார். "ஏனுங்க, நான் வந்ததெல்லாம் பகல்ல. பகல்ல நீங்க எங்கீங்க வெளக்கேத்துனீங்க?"

அம்மா மெட்ராஸுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் சில குளிர்காலங்கள் அந்த விளக்கைப் பக்கத்திலிருந்தே கும்பிட்டு, அதே கட்டிலில் கண் மூடினார். நாங்கள் கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் வேலைக்கு வந்தோம். எங்களுக்கு முன்பே கதை லயத்துக்கு வந்திருந்தது. அம்மன்தான் பிடிக்காமல் மெஷினை நிறுத்தினாள் என்றார்கள் சிலர். தீட்டு விளக்கு அம்மாவின் மூச்சை இழுத்தது என்றார்கள் சிலர். என் மனைவி கேட்டுக்கொண்டே கொழுந்துக் கூடையைத் தூக்கிப் போவாள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. எழுதட்டுமா என்று போன வாரம் அவளைக் கேட்டேன். "எழுதுங்க. எதையும் சேக்காம எழுதுங்க," என்றாள்.

படிக்கிறவர்களுக்கும் அதுதான் என் வேண்டுதல். யாருக்காவது சொன்னால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். விளக்கு எரிந்தது, பெட்டிக்குச் சூடு பட்டது, விளக்கை இடம் மாற்றினோம், அம்மா தன் வீட்டிலேயே இருந்தார். அம்மனுக்குக் கோபம் என்று சேர்க்க வேண்டாம். என் மனைவி விளக்கேற்றியதைத் தப்பு என்றும் சேர்க்க வேண்டாம்.