பீச் மரத்துக்கு மீன் ஐஸ்

திண்டிவனத்தில் பீச் மரம் வைக்கும் பைத்தியக்காரத்தனம் என்னுடையதல்ல, என் மனைவியுடையது. ஏற்காடு போனபோது கன்று வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். நாலு வருஷமும் இலைதான். "ஒரு பூ பாத்துட்டா போதும்" என்பாள். பார்க்காமலே போய்விட்டாள். நானாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

குளிர் பட்டால்தான் பூக்கும் என்றார் நர்சரிக்காரர். மார்கழியிலும் ஃபேன் ஓடுகிற ஊரில் குளிருக்கு எங்கே போவது? மரக்காணத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் அம்மா, விற்று முடித்ததும் மிச்ச ஐஸை எங்கள் தெருமுனையில் கொட்டுவார். அதைக் கேட்டு வாங்கி மரத்தடியில் போட்டேன்.

"இன்னா சார், மரத்துக்கு ஜுரமா?" என்று சிரித்தார். விஷயம் தெரிந்ததும் தினமும் அவரே உள்ளே வந்து கொட்டினார். மகள் கல்யாணம், மூட்டுவலி என்று பத்து நிமிஷம் பேசுவார். விழுப்புரத்தில் இருக்கும் என் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். மற்றபடி வீட்டில் டிவி சத்தம்தான்.

மூன்றே வாரத்தில் இலை ஓரம் கருகியது. மண்மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததை நாக்கில் வைத்தேன், உப்பு. மீன் பெட்டி ஐஸில் உப்பு இருக்கும் என்பது முப்பது வருஷம் அறிவியல் நடத்தியவனுக்குத் தோன்றவில்லை! தலையில் அடித்துக்கொண்டு, குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றினேன்.

அவரிடம் சொல்லவில்லை. நான் மீன் வாங்குவதை விட்டு இரண்டு வருஷமாகிறது. ஐஸும் வேண்டாமென்றால் அவர் எதற்கு வண்டியை நிறுத்துவார்? "வாளியில போட்டுடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் போனதும் சாக்கடையில் ஊற்றினேன்.

இலையெல்லாம் கொட்டி மரம் மொட்டையாக நின்றது. செத்தது என்றே முடிவுகட்டினேன். மாசியில் ஒரு காலை, வெறும் குச்சியில் ஐந்து பூக்கள், இளஞ்சிவப்பாக. "ஏய், இங்க வா" என்று வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஹாரன் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் கதவைத் திறந்தேன். மீன்கார அம்மா நேரே மரத்தடிக்குப் போனார்.

"பாத்தீங்களா சார், எல்லாம் நம்ம ஐசு பண்ண வேலை!" அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "அக்கா ஆசைப்பட்டது வந்துடுச்சு. இனிமே ஐசு வேணாம் இல்ல?"

"பூதானே வந்திருக்கு, காய்க்க வேணாமா? நாளைக்கும் கொண்டாம்மா" என்று வாளியை நீட்டினேன்.