பனி பார்க்கப் போன அத்தை

எங்கள் ஊரில் யார் எங்கே கிளம்பினாலும் சாமி பெயரைச் சொல்லித்தான் கிளம்ப வேண்டும். காசிக்குப் போகிறேன் என்றால் தெருவே திரண்டு வந்து பஸ் ஏற்றிவிடும். சும்மா பார்த்துவிட்டு வரப் போகிறேன் என்று, அதுவும் ஒரு பொம்பளை சொன்னால், புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். என் அத்தையை அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் வாயை மூடிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அந்தக் கூத்தில் என் பங்கும் உண்டு.

அத்தை அப்பாவுக்கு அக்கா. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் தட்டிக் கழித்துவிட்டு, ஒரு ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டு எங்களோடு இருந்தாள். திருவண்ணாமலைக்கு டி.வி. வந்த புதிது. எங்கள் தெருவில் ரைஸ்மில்காரர் வீட்டில் மட்டும்தான் பெட்டி. சினிமா போட்டால் கூடம் கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலையேறுகிறவர்களைப் பற்றி இந்தியில் ஏதோ காட்டுவார்கள். அப்போது நானும் அத்தையும்தான் மிஞ்சுவோம். கறுப்பு வெள்ளைப் பெட்டி. காற்றில் ஆன்டெனா திரும்பிக்கொண்டால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொட்டும். எது பனி, எது கோளாறு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அத்தை கண் கொட்டாமல் பார்ப்பாள்.

அந்தத் தை மாதம் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. இமயமலையில் பதினைந்து நாள் நடைப்பயண முகாம், பெண்களும் சேரலாம் என்று. அத்தை மணியார்டர் அனுப்பிய பிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தாள். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் எப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் தங்கும் வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பும்போது சுமை குறையட்டும் என்று சாமான்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் வாங்கி விற்க ஒரு கடைக்காரர் இருந்தார். அத்தை சனிக்கிழமைதோறும் என்னை இழுத்துக்கொண்டு அங்கே போவாள். முதுகில் மாட்டும் பை, கம்பளிச் சட்டை, உள்ளே நுழைந்து ஜிப்பை இழுத்துக்கொண்டு தூங்கும் பை எல்லாம் அங்கே வாங்கியதுதான். புளி வாங்குகிற மாதிரி பேரம் பேசுவாள். “ஜாஸ்தி சொல்றீங்களே, இந்த ஊர் வெயில்ல இத எவன் வாங்குவான்? நான் வாங்கலன்னா உள்ள எலிதான் குட்டி போடும்” என்பாள். அவர் பாதி விலைக்கு இறங்கி வந்ததும் அதிலும் கம்மி பண்ணச் சொல்லுவாள். கடைசியில் ஒரு ஆம்பளை பூட்ஸைச் சும்மாவே கொடுத்து எங்களை அனுப்பிவைத்தார். காலுக்குப் பெரிசு. முன்னால் பஞ்சு அடைத்துக்கொண்டாள்.

சித்திரை வெயிலில் நட்ட நடுக் கூடத்தில் அந்தத் தூங்கும் பைக்குள் படுத்துப் பரீட்சை செய்தாள். பத்து நிமிஷம் கழித்து, குளித்துவிட்டு வந்தவள் போல நனைந்து வெளியே வந்து, நன்றாகச் சூட்டைப் பிடித்து வைக்கிறது என்று திருப்தியாகச் சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நடந்து பழக வேண்டுமே! பழக எங்கள் ஊரில் மலையைச் சுற்றும் பாதையை விட்டால் வேறென்ன இருக்கிறது? அண்ணாமலையாரைச் சுற்ற ஊரே வெறுங்காலோடு நடக்கும் பாதையில், அத்தை விடிந்ததும் விடியாததுமாகப் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பைக்குள் பத்துக் கிலோ புழுங்கல் அரிசியோடு நடந்தாள். அன்னதானத்துக்குக் கொண்டுபோகிறாள் என்று நினைத்து ஒரு சாமியார் திருவோட்டை நீட்டினாராம். இது தானத்துக்கில்லை, கனத்துக்கு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கிறாள்.

அந்தப் பாதையில்தான் அடி அண்ணாமலை கிராமம். அங்கேதான் எங்கள் நிலமும் பெரியப்பாவும். தன் வீட்டு வாசலில் தங்கச்சி பூட்ஸ் காலோடு போனதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே சைக்கிளில் வந்து இறங்கினார். ஆனால் சண்டை போடவில்லை. தணிந்துதான் பேசினார்.

“பத்ரிநாத் போறேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. நானே மால போட்டு பஸ் ஏத்துறேன்.”

“பத்ரிநாத் போகலியேண்ணா” என்றாள் அத்தை.

அவ்வளவுதான். பெரியப்பா காபியைத் தொடாமல் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் என் மானம் கப்பலேறியது. உங்கள் அத்தை சாமி பாதையில் பூட்ஸ் போட்டு நடக்கிறாளாமே என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் என்னைப் பிய்த்தெடுத்தார்கள். எனக்குப் பத்து வயது. பொறுக்க முடியவில்லை. போன வருஷம் எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது அத்தை வேண்டிக்கொண்டாள், அதற்குத்தான் போகிறாள், கங்கைத் தண்ணீர் கொண்டுவருவாள் என்று ஒரே மூச்சில் அளந்துவிட்டேன். பெரியம்மாவிடமும் அதையே சொன்னேன். வெளியில் சொன்னால் பலிக்காது என்பதால்தான் மறைக்கிறாள் என்று கூடச் சேர்த்தேன். பெரியம்மா அழுதேவிட்டாள்.

கிளம்புகிற நாள் காலையில் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. பெரியப்பா கையில் ரோஜா மாலை. பெரியம்மா கையில் தேங்காய், வெற்றிலைபாக்குத் தட்டு, கங்கைத் தண்ணீருக்கு ஒரு வெறுஞ்செம்பு. தெருக்காரர்களும் கூடிவிட்டார்கள். பெரியப்பா மாலையைப் போட்டார். பெரியம்மா அத்தையின் காலில், ஆமாம் அந்தப் பூட்ஸ் காலில், விழுந்து எழுந்தாள். அம்மாவுக்கு முகமெல்லாம் நிம்மதி. எனக்கோ பெருமை தாங்கவில்லை. மூன்று மாதமாக யாராலும் முடியாததை நான் ஒரே பொய்யில் முடித்துவிட்டேன்!

என்ன வேண்டுதல், யார் சொன்னது என்று அத்தை கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தையும் பார்த்தாள். திட்டவில்லை. மாலையைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.

“எந்த வேண்டுதலும் இல்லண்ணா. இவளுக்கு ஒடம்பு முடியாதப்போ டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போனேன். நான் பனி பாக்கத்தான் போறேன். பாக்கணும்னு இருக்கு, போறேன்.”

“அப்போ இந்த வாசப்படி தாண்டினா திரும்பி வராத” என்றார் பெரியப்பா.

அத்தை குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். ஒரு நிமிஷம், போகமாட்டாள் என்றே நினைத்தேன். இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பையை மாட்டினாள். படி தாண்டி மெட்ராஸ் பஸ்ஸுக்கு நடந்தாள். அப்பா பின்னாலேயே போனார். பையை வாங்கக் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை.

இருபத்தைந்து நாள் கழித்து மூக்குத் தோல் உரிந்து, கறுத்துப்போய்த் திரும்பினாள். நேராகப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். எங்கள் வாசல்படியை அதற்கப்புறம் அவள் மிதிக்கவில்லை. பெரியப்பா சொன்ன சொல்லுக்காக இல்லை, தனக்கே இஷ்டமில்லை என்றாள். வீடு வெறிச்சென்று போயிற்று. எனக்கு அவள்மேல் ஆத்திரமான ஆத்திரம். வாயைத் திறக்காமல் அந்த மாலையோடு பஸ் ஏறியிருந்தால் யாருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? திறந்து வைத்த கதவை எட்டி உதைப்பானேன் என்று வருஷக்கணக்காகப் பொருமினேன்.

இருபத்திரண்டு வயதில் நான் வேலைக்காகத் தனியாகப் பம்பாய் கிளம்பினேன். பெரியப்பா எந்தச் சாமி பெயரையும் சொல்லச் சொல்லவில்லை, எதற்கு, யாரோடு என்று கேட்கவே இல்லை. எத்தனை மணிக்கு பஸ் என்று மட்டும் கேட்டார். என் சாமர்த்தியத்தைப் பார்த்து வாயடைத்துப்போய்விட்டார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.