வாளியைத் தூக்கிய தனலட்சுமி டீச்சர்

சாத்தூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது தலைமையாசிரியர் போன் செய்தார். "தனலட்சுமி டீச்சர் தவறிட்டாகம்மா. நெஞ்சுவலின்னு மதுரைக்குக் கொண்டு போயிருக்காக. வழியிலேயே முடிஞ்சிருச்சு." நான் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்று, போயும் விட்டது.

எங்கள் நடுநிலைப் பள்ளியில் அவர் சமூக அறிவியல் நடத்தினார், நான் கணக்கு. அவருடைய அம்மா பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறைகளில் டீச்சரும் அந்த வேலைக்குப் போயிருக்கிறார். அதைச் சொல்ல அவர் கூசியதில்லை. அவருடைய வேகநடையும் உரத்த சிரிப்பும் அவரோடு பழகிய உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு காகிதம்.

மனித உரிமைக் கல்வி என்று வாரம் ஒரு வகுப்பு வந்தபோது, அதை அவரிடம் ஒப்படைத்தார்கள். முதல் நாளே பிள்ளைகளிடம், "புத்தகம் அப்புறம். இங்கன உங்களுக்கு எது நியாயமில்லைன்னு படுதோ அத எழுதுங்க. பேர் போட வேண்டாம்" என்றார். ஆறாம் வகுப்பு முத்துச்செல்வி பேரைப் போட்டே எழுதியிருந்தாள்: 'கக்கூஸ் கழுவ எங்க தெருப் பிள்ளைகள மட்டும் ஏன் கூப்பிடுறீக?'

அது ஊரைவிட்டுத் தள்ளியிருந்த தெரு. பள்ளிச் சுத்தம் என் பொறுப்பு. சாதி பார்த்து யாரையும் கூப்பிட்டதில்லை என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

டீச்சர் அந்தக் காகிதத்தை என்னிடம் மட்டும் தனியே காட்டினார். "அந்தப் பிள்ளைக பழகுனதுக, நல்லாச் செய்யும்னுதான்…" என்று இழுத்தேன்.

"யாரு டீச்சர் பழக்குனது?"

மூன்று நாள் அவர் எதிரே வராமல் வேறு பக்கமாக வகுப்புக்குப் போய்வந்தேன்.

ஆசிரியர் கூட்டத்தில் அவர் என் பெயரை எடுக்கவே இல்லை. எந்தப் பிள்ளையும் இனிக் கழிவறை கழுவக்கூடாது என்று மட்டும் சொன்னார். ஆள் போட வழியில்லை என்றார் தலைமையாசிரியர். "ஆளு வர்ற வரைக்கும் நாம ஆளுக்கொரு நாள் கழுவுவோம் சார்" என்றார் டீச்சர். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் காலை டீச்சர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் நான் போனேன். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு கழுவினேன். இதைத்தான் பத்து வயதுப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லிவந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மாதக்கணக்கில் ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்து, சம்பளத்துக்கு ஓர் ஆளைப் போட வைத்தார். வந்தவரும் அதே தெருக்காரர்தான். "பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே, அவருக்குக் கையுறை கேட்டு அடுத்த மனுவை எழுத உட்கார்ந்தார்.

இறுதிச் சடங்குக்கு முத்துச்செல்வி வந்திருந்தாள். விருதுநகரில் கல்லூரியில் படிக்கிறாள். இத்தனை ஆண்டுகள் சொல்லாததை அவளிடம் சொன்னேன். "தப்பு என்னுது செல்வி. டீச்சர் அத யார்ட்டயும் சொல்லல."

"கூப்பிட்டது நீங்கதான டீச்சர், எங்களுக்குத் தெரியாதா? அப்புறம் நீங்க கழுவுனதையும் பாத்தோம்" என்றாள்.

இந்த ஆண்டு முதல் அந்த மனித உரிமை வகுப்பை நான் எடுக்கிறேன். யாரையும் தலைகுனிய வைக்காமலே, செய்த தவற்றிலிருந்து நழுவவும் விடாத அவருடைய பிடிவாதம் ஒன்றை மட்டும் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.