ஒழுகாத வூடு

கண்ணுங்களா, இன்னிக்கு பெங்களூர்ல ஒரு வூட்டுக்குத் தளம் போட்டோம். ஈர சிமெண்ட் வாசனை அடிச்சதும் நம்ம ஊரு சங்கராபுரத்து நெனப்பு வந்துடுச்சி.

என் அப்பாவும் இங்கே கம்பி கட்டித்தான் எங்க கூரை வூட்டை தளம் போட்ட மெத்தை வூடாக்கினார். அவர் இங்கே இருந்தப்போதான் அண்ணன் காய்ச்சல்ல செத்துப்போனான். அடக்கம் முடிஞ்ச பிறகுதான் அப்பா வந்து சேர்ந்தார்.

புது வூட்ல பால் காய்ச்சின அன்னிக்கு, பக்கத்து வூட்டுப் பெரியம்மா, "இனிமே உனக்கு இன்னாடி கொறச்சல்?" என்றார்.

"ஒழுகின எடத்துல குண்டான் வெச்சேன்க்கா. புள்ள படுத்திருந்த எடத்துல இன்னாத்த வெக்கிறது?" என்றாள் அம்மா.

அப்பா மறுநாளே பெங்களூர் பஸ் ஏறிட்டார்.

தனியா வந்து கட்டின நம்ம கூரை வூட்டுக்குத் தளம் போடத்தான் நானும் இங்கே கெடக்கிறேன். பொங்கலுக்கு வர முடியாது. யாருக்காவது ஒடம்பு சுட்டா உடனே போன் பண்ணுங்க.