தையல் மிஷினை விட்டு ரொட்டிக் கல்லுக்கு வந்த அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதச் சொல்லி அம்மா கேட்டபோது, பிறந்த ஊரில் தொடங்கி வரிசையாகச் சொல்கிறேன் என்றேன். சாயப்பட்டறை ஆய்வகத்தில் வேலை செய்யும் எனக்கு அப்படித்தான் எழுத வரும்.

அப்பா பிறந்தது குன்னத்தூரை அடுத்த சிற்றூரில். மழையை நம்பி விதைக்கும் காடு. பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பூருக்கு பஸ் ஏறினார். பனியன் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, டெய்லராகி, கட்டிங் மாஸ்டராகி, அம்மாவை மணந்த பிறகு சில மிஷின்கள் வாங்கிப் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் சொந்த யூனிட் நடத்தினார்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அந்த யூனிட்டை மூட வேண்டி வந்தது. ஆர்டர் கொடுத்து வந்த கம்பெனி நின்றுபோயிருந்தது. மிஷின்களை விற்று, தைத்தவர்களுக்கெல்லாம் கூலியைத் தீர்த்த பிறகுதான் எங்களிடமே அப்பா அதைச் சொன்னார்.

சொந்தமாகக் கம்பெனி வைத்திருந்த அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, மறுநாளே வந்தார்.

“என்ற கம்பெனில சூப்பர்வைசரா வந்து உக்காருங்க மாப்பிள்ளை.”

“உக்காந்து பழக்கமில்லீங்க மச்சான்.”

அப்பா அதற்குள் வேறொன்றை முடிவு செய்திருந்தார். யூனிட் இருந்த ஷெட்டிலேயே வடமாநிலத் தொழிலாளர்களுக்கு மெஸ் வைப்பது. அந்த வீதியில் பீகார்க்காரர்கள் நிறைய. ஷிப்ட் முடிந்து களைத்து வந்து, அதன் பிறகு அவர்கள் அடுப்போடு போராடுவதை அப்பா பல வருடங்களாகப் பார்த்திருந்தார். ஆனால் அப்பா எங்கள் வீட்டில் காபிகூடப் போட்டதில்லை.

“கரண்டி புடிக்கறதுக்கா இத்தன வருசம் யூனிட் நடத்துனீங்க? நாலு பேரு கேட்டா நான் என்னன்னுங்க சொல்றது?” என்றார் மாமா.

“மெஸ் வெச்சிருக்காருன்னே சொல்லுங்க. நாலு பேரும் சாப்பிட வரட்டும்.”

மாமா சிரிக்கவில்லை. பொங்கல் வரை பார்ப்பது, நடக்காவிட்டால் மாமா கம்பெனிக்குப் போய்விடுவது என்று பேச்சு முடிந்தது. அப்பா கொடுத்த வாக்கை மாற்றமாட்டார் என்பது இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அந்தப் பொங்கலை நினைத்து எங்களுக்குப் பயமாக இருந்தது.

மெஸ் திறக்கும் நாளுக்காக அப்பா காங்கேயம் போய்ச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தார். விருந்தாளிகளுக்குச் செய்வதுபோல உருளைக்கிழங்கில் தாராளமாக ஊற்றினார். வந்தவர்கள் மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்தார்கள். பக்கத்துக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த தீபக் என்ற இளைஞரை நிறுத்தி அப்பா காரணம் கேட்டார்.

“கோவிக்காதீங்க அண்ணா. சப்ஜி நல்லா இருக்கு. ஆனா தலைக்கு வைக்கிற எண்ணெய் எதுக்கு போட்டீங்க?”

அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலையே, அவர்கள் ஊரில் சமையலுக்கு ஊற்றும் கடுகெண்ணெய் வந்தது.

“ஏனுங்க, ஊறுகாய் ஜாடிக்குள்ள குடியிருக்கற மாதிரி இருக்குதுங்க” என்றார் அம்மா.

“ரெண்டு நாள் பொறு. மூக்கு பழகிக்கும்.”

தீபக் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ரொட்டி தேய்க்கவும், அதைத் தணலில் காட்டி உப்ப வைக்கவும் சொல்லிக்கொடுத்தார். தன் வயதில் பாதிகூட இல்லாத அவரை அப்பா ‘வாத்தியார்’ என்றுதான் கூப்பிட்டார்.

“வாத்தியாரே, எனக்கு இந்தியா மேப் மாதிரியே வருது.”

“பரவால்ல அண்ணா. எங்க ஊரும் அதுலதான இருக்கு.”

விரல் நுனிகள் சுட்டுக் காய்த்துப் போயின. ரொட்டி வட்டமானது. கூட்டமும் சேர்ந்தது. ஆனால் அதற்குள் தீபாவளி வந்துவிட, எல்லோரும் ஊருக்குக் கிளம்பினார்கள். ரயிலில் சாப்பிட ஒவ்வொருவருக்கும் அப்பா பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மெஸ் வெறிச்சோடியது. திரும்பி வருவார்களா, வந்தாலும் திருப்பூருக்கே வருவார்களா என்று யாருக்கும் தெரியாது. அப்பா தினமும் ஷெட்டைத் திறந்தார், கூட்டினார், மாவு பிசைந்து பழகினார். அந்த ரொட்டிகளை நாங்கள்தான் தின்று தீர்த்தோம். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

மார்கழியில் ஒரு காலை, ஊருக்குப் போனவர்கள் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நேராகப் பைகளோடு வந்து நின்றார்கள். புதிய முகங்களும் கூட இருந்தன.

“நம்ம ஊர்க்காரங்க அண்ணா. ரூம் அப்புறம் பாத்துக்கறோம், முதல்ல சாப்பாடு போடுங்க” என்றார் தீபக்.

பொங்கலன்று கம்பெனிகளுக்கு விடுமுறை. மாமா வந்தபோது மெஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது.

“எப்ப வர்றீங்க மாப்பிள்ளை?”

“ஒரு எடம் காலியாகட்டுங்க மச்சான், உக்காந்து பேசலாம்.”

மாமா நின்றபடியே ஒரு ரொட்டி சாப்பிட்டார். இன்னொன்று கேட்டு வாங்கினார். சூப்பர்வைசர் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

என் படிப்பு அந்த மெஸ் வருமானத்தில்தான் முடிந்தது. அப்பா அதைத் தன் உழைப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. “அவங்க வந்து சாப்பிட்டாங்க, நீ படிச்சே” என்பார். சென்ற ஆண்டு இதய நோயால் மருத்துவமனையில் இருந்தபோதும், பருப்பு வெந்ததா என்று மெஸ்ஸுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தார். மறைவதற்கு முந்தைய நாளும் கேட்டார்.

துக்கம் நடந்த வீட்டில் நாம் அடுப்புப் பற்றவைப்பதில்லை. உறவுமுறைக்காரர்கள் சோறு கொண்டு வருவார்கள். அப்பா மறைந்த அன்று மாமா வீட்டிலிருந்து சோறு வந்தது. சற்று நேரத்தில் தீபக்கும் மற்றவர்களும் மெஸ்ஸில் சமைத்த பாத்திரங்களைச் சுமந்து வந்து, உள்ளே வரலாமா என்று தெரியாமல் வாசலில் நின்றார்கள். உறவினர் ஒருவர், “இது ஒறமொறைக்காரங்க கொண்டார சோறுங்க தம்பி” என்று தயங்கினார்.

மாமா எழுந்து போய் முதல் பாத்திரத்தைத் தன் கையில் வாங்கினார். “பின்ன இவங்க யாருன்னு நெனச்சீங்க? உள்ள வாங்க கண்ணு.”

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அப்பாவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள். வாடகை கேட்டு வற்புறுத்தாத ஷெட் உரிமையாளர். காரியங்கள் அனைத்தையும் முன்நின்று நடத்திய பெரிய மாமா. அன்று தொடங்கி இன்றுவரை அம்மாவோடு மெஸ்ஸை நடத்திவரும் தீபக்.

நினைவு நாள் உணவு மெஸ்ஸிலேயே ஏற்பாடாகியிருக்கிறது. முதல் பந்தியில் தொழிலாளர்கள் உட்காருவார்கள். அவர்களுக்கு ஷிப்ட் இருக்கிறது. மாமாவும் நானும் பரிமாறுகிறோம். உறவினர்கள் இரண்டாம் பந்திக்கு அவசியம் வந்திருந்து, வயிறாரச் சாப்பிட்டுச் செல்ல வேண்டுகிறோம்.