வாலு ஓட்டி வந்த வண்டி

என் சித்தி தீயணைப்பு வண்டி ஓட்டுகிறாள். போன வருடம் துணிக் கிடங்கு பற்றி எரிந்தபோது, அவ்வளவு பெரிய வண்டியை முட்டுச்சந்துக்குள் பின்பக்கமாகவே ஓட்டிப்போய் நிறுத்தினாள். மாடியில் மாட்டிக்கொண்ட தையல் வேலைப் பெண்கள் எல்லோரும் ஏணி வழியே பத்திரமாக இறங்கினார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஓர் இடம் என்றால் உதறல். அது அவள் படித்த பள்ளிக்கூடம்.

அங்கே அவள் பெயர் 'வாலு'. ஜன்னல் வழியாகத்தான் வகுப்புக்குள் குதிப்பாள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நடப்பாள். கடைசி வருடம் கணக்கு டீச்சர் எல்லோர் முன்னாலும், "நீயெல்லாம் எங்க உருப்படப் போற?" என்று கேட்டுவிட்டார். படிப்பு முடிந்தபின் அந்தத் தெருப் பக்கமே சித்தி தலைவைத்துப் படுக்கவில்லை. நான் அதே பள்ளியில் சேர்ந்தபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை.

இந்த வருடம் தீ ஒத்திகை காட்டச் சொல்லிப் பள்ளியிலிருந்து தீயணைப்பு நிலையத்துக்கு அழைப்பு போனது. "வேற ஆள அனுப்புங்க சார்" என்று சித்தி கெஞ்சியிருக்கிறாள்.

"எரியுற வீட்டுக்குப் போறவ, பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டியா?" என்று சிரித்தாராம் அதிகாரி.

எங்களை மைதானத்தில் நிறுத்தியிருந்தார்கள். சிவப்பு வண்டி வாசல் தூண்களை உரசாமல் நூல் பிடித்தாற்போல் உள்ளே வந்தது. சித்தி இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினாள். இப்போது தலைமையாசிரியராகிவிட்ட கணக்கு டீச்சர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏய்... வாலு! நீயாடி?"

சித்தி தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டாள். "நான்தான் டீச்சர்."

"கிடங்குத் தீயில வண்டிய ரிவர்ஸ்லயே கொண்டுபோனது ஒரு பொண்ணுன்னு சொன்னாங்களே, அது..."

"ஆமா டீச்சர்."

டீச்சர் மைக்கைக் கையில் எடுத்தார். "பிள்ளைங்களா, இவ என் மாணவி. இவ உருப்பட மாட்டான்னு ஒருநாள் சொன்னேன். நான் போட்டதுலயே பெரிய தப்புக் கணக்கு அதுதான்."

கைதட்டல் அடங்கவே இல்லை. "என் சித்தி, என் சித்தி" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தண்ணிக் குழாய எடுங்கப்பா" என்று தன் ஆட்களை அதட்டினாள்.

இப்போதெல்லாம் விடுமுறை கிடைத்தால் பள்ளிக்கு வந்துவிடுகிறாள். பெரிய வகுப்புப் பெண்களுக்கு ஏணி ஏறப் பழக்குகிறாள். டீச்சர் கீழே நின்று, "பாத்துடி, பாத்து!" என்று கத்துகிறார்.