தெற்கே முதலில் உருகும் ஆறு

நான் நாவல் படிக்கிறவன். அதிலும் மொழிபெயர்ப்பு நாவல்கள். ஆகவே இதையும் எங்கோ படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது நடந்தது லண்டன் மோர்டனில், நானும் அண்ணியும் வாடகைக்கு இருந்த வீட்டில், 1992 மே மாதம் முதல் கிழமை. அண்ணி இன்றும் இருக்கிறார். கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல மாட்டார்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணை பரமேஸ்வரன் லண்டனுக்கு வரவென்று கொழும்பிலிருந்து புறப்பட்டு, எட்டு மாதமாக மொஸ்கோவில் அகப்பட்டுக் கிடந்தார். கடைசியில், ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் அவரையும் இன்னும் நாலு பேரையும் ரஷ்யாவின் வட கோடிக்குக் கொண்டுபோனான். அங்கே ஓர் ஆறு. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அக்கரை வேறு நாடு. ஐஸின் மேல் நடந்து கடக்க வேண்டும்.

கடப்பதற்கு முதல்நாள் இரவு ஒன்பது மணிக்கு அண்ணை ரெலிபோன் எடுத்தார். முதலில் பேசியது அண்ணி சிவகௌரி. அழுதார், சிரித்தார், மேசு போட்டிருக்கிறீர்களா என்று மூன்று தரம் கேட்டார். எனக்கும் அண்ணைக்கும் ஒரே நீலக் கம்பளி நூலில் காலுறை பின்னி, அண்ணையுடையதை ஆள் மூலம் மொஸ்கோவுக்கு அனுப்பியிருந்தார் அவர்.

பிறகு ரிசீவர் என்னிடம் வந்தது.

"விடியமுந்திக் கடக்கிறமடா. ஆறு கல்லு மாதிரிக் கிடக்காம். போன மாசம் மேலால லொறி போனதாம்."

"அண்ணை, அது போன மாசம்."

"நீ கதைப் புத்தகத்தை மூடிப்போட்டுப் படு."

சிரித்தார். லைன் அறுந்தது.

என் மடியில் இருந்தது கதைப் புத்தகம் அல்ல. நூலகத்தில் எடுத்த புவியியல் புத்தகம். அண்ணை போகிற இடத்தைப் பற்றிக் கனவு காணத்தான் எடுத்தேன். நான் படித்த நாவல்களில் உறைந்த ஆற்றின் மேல் குதிரை வண்டிகள் சறுக்கிக்கொண்டு போகும், மணிகள் குலுங்கும். இந்தப் புத்தகத்தில் மணிகள் இல்லை. அந்த ஆறு தெற்கே பிறந்து வடக்கே ஓடுகிறது. வசந்தம் வந்ததும் தெற்குதான் முதலில் உருகும். வடக்கே இன்னும் ஐஸ். உருகி வரும் தண்ணீர் போக வழியில்லாமல் ஐஸுக்கு அடியில் ஏறும். ஐஸைக் கரையிலிருந்து பிய்த்துத் தூக்கும். மேலே பனி மட்டும் முன்போலவே வெள்ளையாகக் கிடக்கும். நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒரே நாளில் ஆறு முழுவதும் உடையும்.

மே மாத முதல் பாதியில் என்று போட்டிருந்தது.

ஏஜென்சிக்காரனின் மொஸ்கோ இலக்கத்துக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி எடுத்தேன். அண்ணி பிடுங்கி அவர் எடுத்தார். "ஆரையாவது பிடியும், தம்பி. ஆரையாவது." பிடிப்பதற்கு எங்களுக்கு ஒருவரும் இல்லை. அவர் ரெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

உடுத்திருந்த சாரமும் அந்த நீலக் காலுறையுமாக நான் மேலே என் அறைக்குப் போனேன். புத்தகத்திலிருந்த வரைபடத்தில் அந்த ஆற்றின் கோட்டின் மேல் விரலை வைத்தேன். கடக்காதேங்கோ அண்ணை, கடக்காதேங்கோ... வேறு ஒன்றும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

11.40.

முதலில் வெளிச்சம்தான் பிழையாக இருந்தது. எங்கள் தெருவிளக்கு செம்மஞ்சளாக எரியும். அப்போது ஜன்னலில் நின்றது சாம்பல் வெளிச்சம். சூரியன் வருமுன் இருக்குமே, அது.

பிறகு சத்தம். டக்... எங்கோ தூரத்தில்.

மறுபடி. டக்... டக்... கிட்டத்தில்.

அறையைச் சூடாக்கும் ரேடியேற்றர் என்று நினைத்தேன். தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு குளிர்.

காலுக்குக் கீழே கார்ப்பெற் நனைந்திருந்தது. தண்ணீர் ஊறி வந்தது. பால் விடாத தேநீரின் நிறம்.

ஒரு அடி வைத்தேன். இடது கால் கணுக்கால் வரை இறங்கியது.

பிடுங்கினேன். காலுறை வரவில்லை.

நிமிர்ந்தேன்.

சுவர் இல்லை.

வெள்ளை வெளி. தூரத்தில் குச்சிகள்போல் மெலிந்த மரங்கள். மரங்களுக்குக் கீழே ஐந்து கறுப்புப் புள்ளிகள். படுத்துக் கிடந்தன.

இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். கத்தினேன். குரல் வரவில்லை.

ஒரு புள்ளி எழுந்தது.

என்னை நோக்கி வந்தது...

வராதே. வராதே.

வந்துகொண்டே இருந்தது.

டக்.

லைற் எரிந்தது. வாசலில் அண்ணி. "ஆரோட கதைச்சனீர், தம்பி?"

சுவர் இருந்தது. கார்ப்பெற் காய்ந்திருந்தது. அண்ணி என் காலைப் பார்த்தார். மற்றக் காலுறை எங்கே என்றார். இருவரும் கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினோம். அது இன்றுவரை கிடைக்கவில்லை.

நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புள்ளி திரும்பிப் போயிருக்கும் என்று நம்பினேன். ஐந்தாம் நாள் மொஸ்கோவிலிருந்து செய்தி வந்தது. நாலு பேர் தப்பிவிட்டார்கள். அண்ணை ஆற்றோடு போய்விட்டார்.

தப்பிய நால்வரில் ஒருவர் கணேசலிங்கம். 1995இல் அவர் லண்டன் வந்து ஹரோவில் இருப்பதாக அறிந்து நானும் அண்ணியும் போனோம். கதவைத் திறந்தவர் அண்ணியை வாருங்கள் என்றார். பின்னால் நின்ற என்னைக் கண்டார். வெகுநேரம் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

உள்ளே, பகல் வெளிச்சத்தில், என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"விடியப்புறம் மூண்டு மணி இருக்கும். வெடிச் சத்தம் கேட்டது. சுடுறாங்கள் எண்டு ஊரில படுக்கிறமாதிரி எல்லாரும் குப்புறப் படுத்திட்டம். ஐஸ் வெடிச்ச சத்தமெண்டு ஆருக்குத் தெரியும்? பரமேசும் படுத்துத்தான் கிடந்தவன்."

அங்கே மூன்று மணி என்றால் லண்டனில் நள்ளிரவு.

"பிறகு ஏன் எழும்பினவர்?" என்றார் அண்ணி.

"நடு ஆத்தில ஒரு பொடியன் நிண்டவன். சாரத்தோட. ரெண்டு கையையும் ஆட்டிக்கொண்டு. எங்களுக்குப் பயத்தில அசைய ஏலாமப் போச்சு. பரமேஸ் மட்டும் சிரிச்சவன். 'அது என்ரை தம்பியடா' எண்டான். எழும்பி நேரா அவனிட்டைப் போனான்."

கணேசலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார்.

"அந்தப் பொடியனுக்கு ஒரு காலில மேசு இல்லை."

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை.

"எந்தக் கால்?" என்று கேட்டார்.

கணேசலிங்கம் குனிந்து தன் இடது காலைத் தொட்டுக் காட்டினார்.